இருபத்து மூன்று தாள்கள்

கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. ஃபேனுக்கு நேர் கீழே வேண்டாம், அந்தச் சத்தத்தில் பாதிக் கதை பறந்துவிடும். இன்றைக்கு உங்களுக்கு ஒரு ஃபைலின் கதை சொல்லப்போகிறேன். ஃபைலில் என்ன கதை இருக்கும் என்று சிரிக்காதீர்கள். ஒரு தாயும் மகளும் சேர்ந்திருப்பதா பிரிவதா என்பதே அந்த ஃபைலுக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. நடுவில் உங்கள் நெஞ்சு கொஞ்சம் அடைக்கும். முடிவில் நிமிர்ந்து உட்காருவீர்கள், அதற்கு நான் பொறுப்பு.

நம் தெலுங்கு ஊரில், ராணுவக்காரர்கள் குடியிருக்கும் சைனிக்புரியில், ஓய்வுபெற்ற மேஜர் ஒருவரின் வீட்டு மாடியில் ஒரு மனநல ஆலோசனை மையம் இருக்கிறது. கீழே மேஜர் குடும்பமும் ஓயாமல் குரைக்கிற ஒரு நாயும். மேலே மூன்று அறைகள். அதில் நடு அறை யூனிஸுடையது. பதினோரு வருஷமாக அங்கே ஆலோசகராக இருக்கிறாள். பக்கத்துப் போலாரத்திலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் குடும்பம் நான்கு தலைமுறைக்கு முன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கன்டோன்மென்ட் வேலைக்கு வந்து, சர்ச்சும் பள்ளிக்கூடமும் பக்கத்திலேயே அமைந்துவிட, இங்கேயே தங்கிவிட்டது.

யூனிஸுக்குத் தன் ஃபைல்களைப் பற்றி ஒரு கர்வம் உண்டு. யார் வந்து பேசிவிட்டுப் போனாலும் அன்று சாயங்காலத்துக்குள் ஒரு தாள் எழுதி முடித்துவிடுவாள். தேதி, நேரம், பேசியது, அடுத்த வாரம் செய்ய வேண்டியது, எல்லாம் அதில் இருக்கும். ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரி அவளுடைய அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, மற்ற மையங்களும் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எழுதிவைத்துப் போனார். அந்தக் கடிதத்தின் நகல் அவள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இன்னும் இருக்கிறது.

அப்படிப்பட்ட மேசைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை குடும்ப நீதிமன்றத்திலிருந்து உத்தரவு வந்தது. பூர்ணா என்பவருடைய ஆலோசனைப் பதிவுகள் முழுவதையும் எடுத்துக்கொண்டு, எழுதியவரே நேரில் வர வேண்டும்.

பூர்ணாவை யூனிஸ் மறக்கவே இல்லை. மூன்றரை வருஷத்துக்கு முன், கொண்டாப்பூரில் கணவன் வீட்டைவிட்டு மூன்று வயதுக் குழந்தையோடு போலாரத்துத் தாய்வீட்டுக்கு வந்தவள். வியாழக்கிழமைதோறும் பஸ் பிடித்து வந்து ஐந்து மாதத்துக்கு மேல் ஆலோசனை பெற்றாள். பிறகு போலாரத்தில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராகச் சேர்ந்தாள். அந்தச் செய்தியைச் சொல்ல வந்த நாளில் மைசூர்பாகு கொண்டுவந்து, கீழே இருக்கிற நாய்க்கும் ஒரு துண்டு போட்டாள். இப்போது அவளுடைய கணவன், மனம் சரியில்லாத தாயிடம் என் மகள் வளரக் கூடாது, என்னிடம் கொடுங்கள் என்று வழக்குப் போட்டிருக்கிறான். மகள் ஸ்ரீஜாவுக்கு ஏழு வயது.

யூனிஸ் அலமாரியைத் திறந்து ஃபைலை எடுத்தாள். நல்ல ஃபைல்தான், பயப்பட ஒன்றும் இருக்காது என்று நினைத்துத்தான் எடுத்தாள். ஆங்கிலத்தில் அவளே எழுதியிருந்த முதல் தாளைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

‘கணவர் கொடுமை செய்ததாகச் சொல்லிக்கொள்கிறார். விவரம் கேட்டால் பதில் சொல்ல மறுக்கிறார். கவனத்தைத் தன் பக்கம் இழுப்பதற்காக அடிக்கடி வாசலைப் பார்க்கிறார். ஒத்துழைப்பு இல்லை.’

நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டு இரண்டாம் தாளைப் புரட்டினாள். மேல் கட்டத்தில் அதே நான்கு வரி. மூன்றாம் தாளிலும் அதே. அந்த மையத்தில் ஒவ்வொரு வாரமும் புதுத் தாளை வெறுமையாகத் தொடங்குவது கிடையாது. கம்ப்யூட்டரில் போன வாரத் தாளைத் திறந்து, தேதியை மாற்றி, கீழே புதிதாக எழுதிவிட்டு வேறு பெயரில் சேமித்துக்கொள்வார்கள். பேர், வயசு, விலாசம் எல்லாம் திரும்ப அடிக்க வேண்டாமே என்று கண்டுபிடித்த சுருக்கு வழி. மேலே இருக்கிற கட்டத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முதல் நாள் எழுதிய அந்த நான்கு வரியும் வாரா வாரம் தாளோடு தாளாக ஏறி, இருபத்து மூன்று தாளிலும் உட்கார்ந்திருந்தன.

முதல் நாள் நடந்தது யூனிஸுக்கு நன்றாக நினைவிருந்தது. மேஜர் வீட்டு நாய் குரைத்துக்கொண்டிருந்தது. பேசுவது வெளியே கேட்கக் கூடாதே என்று, வழக்கம்போல் அறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். கதவு சாத்துமுன் கணவன் கொடுமை என்று மட்டும் சொன்ன பூர்ணா, அதோடு வாயைத் திறக்கவில்லை. நாலு வாரம் அப்படியே போயிற்று. ஐந்தாம் வாரம் நல்ல மழை. கதவுக் கட்டை உப்பிக்கொண்டு தாழ்ப்பாள் பொருந்த மறுத்தது. சரி, இருக்கட்டும் என்று யூனிஸ் விட்டுவிட்டாள். அன்றைக்குத்தான் பூர்ணா பேசினாள். நாற்பது நிமிஷம் நிறுத்தாமல் பேசினாள். கணவன் வேலைக்குப் போகும்போது அவளையும் குழந்தையையும் படுக்கையறையில் வைத்து வெளியே பூட்டிக்கொண்டு போனதை, அப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் நடந்ததை, அன்றைக்குத்தான் சொன்னாள்.

ஐந்தாம் தாளின் அடிப்பகுதியில் யூனிஸ் இதை எழுதியும் இருந்தாள். கதவு திறந்திருந்தது, நாற்பது நிமிடம் பேசினார், இனிமேல் கதவைச் சாத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த அறைக் கதவு சாத்தப்பட்டதே இல்லை. ஒரு செங்கல்லைத் துணியில் சுற்றி முட்டுக் கொடுத்துவிட்டாள். எல்லாம் செய்தவள், மேலே இருந்த நான்கு வரியைத் தொடவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், கணவன் கிதியோனிடம் தன் தவறை மட்டும் சொன்னாள். யாருடைய ஃபைல் என்று சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கிதியோன் கணக்கு வாத்தியார். பப்ளிக் பரீட்சைத் தாள் திருத்தி முப்பது வருஷப் பழக்கம். கேட்டுவிட்டு, இன்ஸ்பெக்‌ஷனில் பாராட்டு வாங்கின கையாச்சே என்று முதலில் கொஞ்சம் கிண்டல் பண்ணினார். அவள் சிரிக்கவில்லை என்றதும் கிண்டலை நிறுத்திவிட்டார்.

“நான் மார்க்கைத் தப்பா போட்டுட்டா ரப்பர் எடுக்க மாட்டேன் யூனி. ஒரே ஒரு கோடு. பக்கத்துல சரியான மார்க், கையெழுத்து, தேதி. கோட்டுக்குக் கீழ பழசு தெரியணும். தெரிஞ்சாத்தான் புதுசை நம்புவாங்க. இப்ப அழுகை நக்கோ, வேண்டாம். போய்க் கோடு போடு.”

கோடு போடுவது சுலபம். அந்தக் கோட்டைப் பூர்ணாவிடம் காட்டுவதுதான் கஷ்டம். தன் ஃபைலைப் பார்க்க அவளுக்குச் சட்டப்படியே உரிமை உண்டு. நீதிமன்றத்தில் வேறொருவர் வாயால் அதைக் கேட்பதற்கு முன், அவள் கண்ணாலேயே அவள் படித்துவிட வேண்டும் என்று யூனிஸ் முடிவு செய்தாள். மறுநாள் பூர்ணா பள்ளி முடிந்து வந்தாள். யூனிஸ் முட்டுக் கொடுத்த செங்கல்லைச் சரிபார்த்துவிட்டு, கதவருகே இருக்கிற நாற்காலியை அவளுக்குக் காட்டினாள். உள்ளே வலிக்கிற மாதிரி சில வார்த்தைகள் இருக்கின்றன, எழுதியவள் நான்தான், எப்போது வேண்டுமானாலும் மூடி வைத்துவிடலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

பூர்ணா முதல் தாளைப் படித்தாள். பிறகு ஒவ்வொரு தாளின் மேல்பகுதியை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே போனாள். இருபத்து மூன்றையும் தொட்டாள்.

“அஞ்சு மாசமும் என்னைப் பத்தி இதைத்தான் நினைச்சிட்டு இருந்தீங்களாக்கா?”

இல்லை என்று யூனிஸ் சொன்னாள். எப்படி அந்த வரி ஒட்டிக்கொண்டே வந்தது என்று விளக்கினாள். விளக்கம் அவள் காதுக்கே கேவலமாகக் கேட்டது.

“சரி, அந்தாளோட வக்கீல் இதைப் படிக்கக் கூடாது. கம்ப்யூட்டர்லதானே இருக்கு? மேல இருக்கறதை மட்டும் எடுத்துட்டு, புதுசா பிரின்ட் எடுத்துக் குடுங்க. யாருக்குத் தெரியப் போவுது?”

“முடியாது பூர்ணா.”

“கைக்கு? ஏன் முடியாது? உங்க பேர் கெட்டுடுமா?”

யூனிஸ் பொறுமையாகச் சொன்னாள். தன் பேருக்காக இல்லை. எப்போது மாற்றினோம் என்பது கம்ப்யூட்டரில் பதிந்திருக்கும். ஒரு வரியை எடுத்தது தெரிந்தால் மற்ற எல்லா வரியும் பொய்யென்று ஆகிவிடும், ஐந்தாம் வாரத்து மழை நாளும் சேர்ந்து. பழையதை அப்படியே விட்டுவிட்டு, அது தவறு என்று இன்றைய தேதி போட்டு ஒரு திருத்தக் குறிப்பு சேர்க்கலாம். அதை நான் தனியாக எழுதப்போவதில்லை, நீங்களும் உட்கார்ந்தால் சேர்ந்து எழுதலாம் என்றாள்.

பூர்ணா ஃபைலை மூடினாள். உங்களுக்கு அது ஒரு குறிப்பு, எனக்கு என் மகள் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். படிக்கட்டில் நாய் அவளைப் பார்த்து வாலாட்டியது. அவள் நிற்கவில்லை.

யூனிஸ் மையத்தின் தலைமை மருத்துவர் பத்மநாபனிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். நல்ல மனிதர்தான். ஆனால் இருபது வருஷம் கட்டிக் காத்த மையம் அவருடையது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“தப்புன்னு நாமளே எழுதிக் குடுத்தா நாளைக்கு நம்மகிட்ட யார் வருவா யூனிஸ்? கேட்டது ஃபைல். ஃபைலைக் குடுப்போம். கேக்காததை எதுக்குச் சொல்லணும்?”

“கதவைத் தாழ் போட்டது நான் சார். அவங்க ஃபைல்ல அது அவங்க குணமா எழுதியிருக்கு,” என்றாள் யூனிஸ்.

டாக்டர் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

மறுநாள் வியாழக்கிழமை. பழைய நேரம், நாலரை மணி. யூனிஸ் அந்த நேரத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தாள், ஏன் என்று அவளுக்கே தெரியாது. நாலு முப்பத்தைந்துக்குப் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. பூர்ணா வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“ஸ்ரீலேகா மேடத்தைக் கேட்டேன்,” என்றாள். அவளுடைய வக்கீல் பெயர் அது. “நீங்க சொன்னதையேதான் சொன்னாங்க. எழுதுங்க. ஆனா நான் சொல்றதை எழுதணும்.”

யூனிஸ் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பி அவள் பக்கம் வைத்தாள். பதினோரு வருஷத்தில் அந்தத் திரை வந்தவர்கள் பக்கம் திரும்பியது அதுதான் முதல் தடவை. முதல் வரியை யூனிஸ் அடித்தாள், ‘பாதிக்கப்பட்ட பெண்’ என்று தொடங்கி.

“அதை எடுங்கக்கா. பூர்ணான்னு போடுங்க. எனக்குப் பேர் இருக்கு.”

எடுத்துவிட்டு அப்படியே போட்டாள். பழைய தாளில் ‘சொல்லிக்கொள்கிறார்’ என்று எழுதியதற்குப் பதில் குறிப்பில் ‘சொன்னார்’ என்று வைத்தாள். ‘மறுக்கிறார்’ என்பதற்குப் பதில் என்ன வைக்கலாம் என்று இரண்டு பேரும் நிறைய நேரம் யோசித்தார்கள். கடைசியில் பூர்ணா வாசலைப் பார்த்துக்கொண்டே சொல்லச் சொல்ல, யூனிஸ் ஒரு எழுத்தும் மாற்றாமல் அடித்தாள்.

‘முதல் நான்கு வாரம் பூர்ணா பேசவில்லை. கதவு தாழிட்டிருந்தது. பூட்டிய அறைக்குள் வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். மகளுக்கு அடி விழாமல் இருக்க, பேசாமல் இருக்கப் பழகியிருந்தார். வாசலைப் பார்த்தது, வெளியே போக வழி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள. கதவு திறந்த அன்று பேசினார். ஒரு வாரமும் தவறாமல் வந்தார்.’

அதற்குக் கீழே யூனிஸ் தன் பங்குக்கு இரண்டு வரி எழுதினாள். முதல் நாள் வரிகள் நான் சரியாகப் புரிந்துகொள்ளாமல் எழுதியவை. பின்னால் புரிந்த பிறகும் அவற்றைத் திருத்தாமல் தாளுக்குத் தாள் விட்டது என் தவறு. தேதி, கையெழுத்து. பூர்ணாவும் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு முழுவதையும் இன்னொரு தடவை வாசித்தாள். இந்த முறை விரலால் தொட்டுக்கொண்டே வாசிக்கவில்லை, நேராகப் பார்த்து வாசித்தாள்.

கதவுக்கு வெளியே டாக்டர் பத்மநாபன் நின்றிருந்தார். திறந்த கதவாயிற்றே, கடைசி வரிகள் அவர் காதிலும் விழுந்திருக்கும் போலிருக்கிறது. பூர்ணாவிடம், நானும் இதில் கையெழுத்துப் போடலாமா அம்மா என்று கேட்டார். அவள் தலையசைத்த பிறகுதான் பேனாவை எடுத்தார்.

நீதிமன்றத்தில் பெரிய கூட்டம் ஒன்றும் இல்லை. அறைக்குள் நீதிபதி அம்மாள், இரண்டு பக்க வக்கீல்கள், கணவன், மனைவி, சாட்சி சொல்ல யூனிஸ். ஸ்ரீஜா வெளியே பெஞ்சில் தாய்மாமனோடு படம் வரைந்துகொண்டிருந்தாள். கணவன் தரப்பு வக்கீல் முதல் தாளை எடுத்து அந்த நான்கு வரியை நிதானமாக வாசித்தார். அதே வரி எத்தனை தாளில் இருக்கிறது என்று யூனிஸையே எண்ணச் சொன்னார். இருபத்து மூன்று என்றாள். எழுதியது நீங்கள்தானே என்றார். ஆமாம் என்றாள். ஒத்துழைக்காதவர், கவனத்துக்காக நடிக்கிறவர் என்று நீங்களே இருபத்து மூன்று தடவை எழுதியிருக்கிறீர்கள், வழக்கு வந்ததும் ஒரு புதுத் தாள் முளைக்கிறதே என்றார். கணவன் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

பூர்ணா தலையைக் குனியவில்லை. யூனிஸ் அதைப் பார்த்தாள். பார்த்ததும் அவள் குரல் தானாக உறுதியாகிவிட்டது. நீதிபதி பக்கம் திரும்பினாள்.

“அன்னைக்கு ஒத்துழைக்காதது அவங்க இல்லை மேடம். நான். பூட்டின அறையிலிருந்து தப்பிச்சு வந்தவங்களை நான் இன்னொரு தாழ்ப்பாளுக்குள்ள உட்கார வெச்சேன். அவங்க பேசலைன்னு எழுதினேன். நான் தாழ் போட்டதை எழுதலை.”

ஐந்தாம் தாளின் அடிப்பகுதியைப் பார்க்கச் சொன்னாள். அதன் தேதி வழக்குக்கு மூன்று வருஷத்துக்கு முந்தியது. கதவு திறந்திருந்தது, நாற்பது நிமிடம் பேசினார், சாத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மையத்து வாசலில் இருக்கிற வருகைப் பதிவேட்டையும் கொடுத்தாள். இருபத்து மூன்று வியாழக்கிழமை, இருபத்து மூன்று கையெழுத்து. ஒத்துழைப்பு இல்லாதவர் என்று எழுதப்பட்ட பெண் ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

நீதிபதி அம்மாள் பக்கங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். இவ்வளவு தெரிந்தும் பழைய வரிகளை ஏன் அழிக்காமல் கொண்டுவந்தீர்கள்?

“அதையும் எழுதினது நான்தான் மேடம். அதை மறைச்சா, இதை நீங்க ஏன் நம்பணும்?”

இரண்டு வாரம் கழித்து உத்தரவு வந்தது. ஸ்ரீஜா தாயிடமே வளர வேண்டும், தகப்பன் ஞாயிற்றுக்கிழமைகளில் நீதிமன்றம் சொல்கிற இடத்தில் வந்து பார்க்கலாம். பழைய பதிவுகளை அழிக்காமல் முழுமையாகக் கொடுத்ததால்தான் அந்தச் சாட்சியத்தை நம்ப முடிந்தது என்று உத்தரவில் ஒரு வரி இருந்தது. நீதிமன்ற வராந்தாவில் அன்றைக்கும் படம் வரைந்துகொண்டிருந்த ஸ்ரீஜா தாளைச் சுருட்டிக்கொண்டு ஓடிவந்தாள். இங்கே படிக்கிற பிள்ளைகள் வீட்டுத் தமிழைக் காதில் வாங்கிக்கொண்டு தெலுங்கில்தானே பதில் பேசும்.

“அம்மா, கெலிச்சாமா?”

“ஹவ். கெலிச்சோம்,” என்றாள் பூர்ணா. ‘ஆமாம்’ உருதுவில், ‘ஜெயிச்சோம்’ பாதி தெலுங்கு பாதி தமிழில், மூன்று பாஷையும் ஒரே மூச்சில் கலந்து வந்தது. யூனிஸ் அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு மையத்தில் ஒரு புது வழக்கம் வந்துவிட்டது. போன வாரத் தாளைத் திறந்து அதன்மேல் எழுதுகிற வேலை நின்றது. ஒவ்வொரு வாரமும் வெள்ளைத் தாள்தான். கடைசிப் பத்து நிமிஷம் திரையை வந்தவர் பக்கம் திருப்பி, எழுதியதை வாசித்துக் காட்டுகிறார்கள். போன மாதம் ஒரு ஓய்வுபெற்ற ஹவில்தார், ‘தூக்கத்தைப் பற்றிப் பேச மறுத்தார்’ என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, மறுக்கவில்லை அம்மா, இன்றைக்கு வேண்டாம், அடுத்த வாரம் பேசலாம் என்றல்லவா சொன்னேன், எழுதினால் முழுசாக எழுதுங்கள் என்றாராம். முழுசாக எழுதினார்கள். அடுத்த வாரம் வந்து பேசினார்.

மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த பாராட்டுக் கடிதத்தை யூனிஸ் எடுத்துவிடவில்லை. அதன் பக்கத்தில் இன்னொன்று சேர்ந்திருக்கிறது. ஸ்ரீஜா அன்றைக்கு வராந்தாவில் வரைந்த படம். ஒரு வீடு. வீட்டைவிடப் பெரிதாக ஒரு கதவு, அகலத் திறந்தபடி. அதன் நடுவில் அம்மாவும் மகளும். அதைக் கொடுக்க வந்த அன்று பூர்ணா தன் திருத்தக் குறிப்பின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிப் போனாள். எதற்கு என்று யூனிஸ் கேட்டதற்கு, என் பொண்ணு பெரியவளானதும் படிக்கக் கொடுப்பேன், அவ அம்மா யாருன்னு அதில் சரியா எழுதியிருக்கு என்றாளாம்.

அவ்வளவுதான் கதை. எழுந்து போகிறதுக்கு முன்னால் கொஞ்சம் இருங்கள், என் கண்ணுகளா. உங்கள் வீட்டில் எந்தக் கதவும் வெளியிலிருந்து பூட்டப்படாமல் இருக்கட்டும். பேசாமல் இருப்பவர்களிடம் பொறுமையாக இருக்கிறவர்கள் உங்கள் வீட்டில் எப்போதும் இருக்கட்டும். உங்களைப் பற்றியும் உங்கள் பிள்ளைகளைப் பற்றியும் யார் எங்கே எழுதினாலும், அதை நீங்கள் நேராகப் பார்த்து வாசிக்கும்படி எழுதட்டும். நல்லா இருங்கள், குடும்பத்தோடு நல்லா இருங்கள்.